பெரும்பாலும் ஆண்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் மண்டையைத் தடவிப் பார்த்த மேலதிகாரி அவர் ஒருவர்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் "கொஞ்சம் அசையாமல் இரும்" என்று சொல்லிவிட்டு, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புப் புடைப்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "உம்மட மண்டையோடு மட்டும் என்ர மேசைக்கு வந்திருந்தால், உம்மை ஆம்பிளை எண்டுதான் நினைப்பன்" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஈரோட்டிலிருந்து கல்யாணமாகி வந்து, ஏழு வருஷம் வீட்டில் சும்மா இருந்து, கணவரின் விசாவைத் தொற்றிக்கொண்டு வேலைக்கு அனுமதி வாங்கியவள் நான். கிடைத்த முதல் வேலையின் முதல் மணி நேரத்தில் இப்படி. அன்று இரவு சாப்பிடும்போது கணவரின் காதுக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தேன். அவருக்கு அது சின்னதாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஆய்வகம் அது. தெற்கே எல்லைப் பக்கம் இருக்கும் சில கவுண்டிகளில், நம்மூர் மாவட்டம் மாதிரி, முள்ளுக்காட்டிலும் மாட்டுப் பண்ணைகளிலும் கிடைக்கும் மனித எலும்புகளைப் பெட்டியில் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நடந்து வந்து வழியில் செத்தவர்கள்தான் பெரும்பாலும். ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன உயரம் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் தாளில் எழுதுவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் கேட்டால் அந்தக் கம்ப்யூட்டரில்தான் தேடுவோம்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். ஊரை விட்டு எப்போது வந்தார், ஏன் இந்தப் படிப்பைப் படித்தார் என்று நான்கு வருஷத்தில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைப் பிள்ளை என்பார், கோபம் வந்தாலும் பிள்ளைதான்.

அவரிடம் ஒரு குணம் உண்டு, அதை நல்ல குணம் என்பதா பொல்லாத குணம் என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். நம்மில் யாருக்கு அது வருகிறது? வழி கேட்டால்கூடத் தெரியாத தெருவுக்குக் கை நீட்டுகிறவர்கள் நாம்.

ஒருமுறை ஷெரிஃப் அலுவலகத்து ஆள் ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார். ஆண்கள் போடும் சட்டை, ஆண்கள் போடும் பூட்ஸ், அதனால் ஆண் என்று எழுதிக் கொடுங்கள், நான் கிளம்ப வேண்டும் என்றார். அக்கா அவரிடம் ஆங்கிலத்தில் பொறுமையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, என்னிடம் திரும்பினார்.

"இந்தப் பாதையால வாற பெட்டையள் ஆம்பிளைச் சட்டைதான் போடுவினம், பிள்ளை. ஏனெண்டு விளங்குதோ?"

"விளங்குதுங்க அக்கா."

"சட்டையைப் பார்த்து எழுதுறதெண்டால் தையல்காரன் காணும். நான் எதுக்கு?" காணும் என்றால் அவர் ஊர்ப் பேச்சில் போதும்.

மண்டையோட்டில் ஐந்து இடங்களைப் பார்ப்பார். புருவமேடு, காதுக்குப் பின்புடைப்பு, பிடரி, கண்குழியின் விளிம்பு, தாடை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஒன்று என்றால் பெண் பக்கம், ஐந்து என்றால் ஆண் பக்கம். பெரும்பாலானவை நடுவில் வந்து நிற்கும். இடுப்பெலும்பு இருந்தால்தான் அவர் முகம் தெளியும். பிள்ளை பெறுவதற்கென்று அகன்ற எலும்பு அவ்வளவு சீக்கிரம் ஏமாற்றாது. ஆனால் முள்ளுக்காட்டில் நரியும் பன்றியும் முதலில் இழுத்துக்கொண்டு போவது அந்தப் பகுதியைத்தான்.

"இடுப்பைக் காணாமல் சத்தியம் பண்ணக்கூடாது" என்பார். இதையே வாரத்துக்கு மூன்று முறை சொல்வார். இடுப்பெலும்பு இல்லாத பெட்டி வந்தால் 'பெரும்பாலும் ஆண்', 'பெரும்பாலும் பெண்' என்று தாளில் எழுதுவார். கம்ப்யூட்டரில் அதை 'நிச்சயமில்லை' என்றுதான் ஏற்ற வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அப்படி ஏற்றினால், மகனைத் தேடி வருபவருக்கும் அந்தப் பெட்டி காட்டும், மகளைத் தேடி வருபவருக்கும் காட்டும். ஆண் என்று ஏற்றிவிட்டால் மகளைத் தேடுபவர் கண்ணில் அது படவே படாது.

ஒருநாள் ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் என் தோழி வீட்டு விசேஷத்துக்கு அவரை அழைத்துப் போனேன். பிறக்கப் போவது பையனா பெண்ணா என்று பலூன் உடைத்துச் சொல்லும் பார்ட்டி. பேக்யார்டில் நாற்பது பேர். அக்கா என்ன வேலை செய்கிறார் என்று யாரோ சொல்லிவிட, ஆன்ட்டிகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எலும்பப் பார்த்தே சொல்றவங்க, வயித்தப் பார்த்துச் சொல்ல மாட்டீங்களா டாக்டர்? கெஸ் பண்ணுங்க."

"எனக்குத் தெரியாது."

"சும்மா கேம் தானே. பாய்னா பாய், கேர்ள்னா கேர்ள்."

"விளையாட்டுக்கெண்டாலும் தெரியாததைச் சொல்லேலாது" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மேஜை சட்டென்று அமைதியாகிவிட்டது. நான் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரிடமும் நீட்டினேன். பலூனிலிருந்து ரோஸ் நிறப் பொடி கொட்டியது, பெண் குழந்தை என்று எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார், நன்றாயிருக்கிறது என்று தோழியின் மாமியாரிடம் சொல்லிவிட்டும் வந்தார். அதற்குப் பிறகு கேட்டியில் அவரை யாரும் எதற்கும் அழைக்கவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் இருவரும் ஹில்க்ராஃப்ட் தெருவில் ஒரு சின்ன ஓட்டலுக்குத் தோசை சாப்பிடப் போவோம். கடை மதுரைக்காரருடையது. தோசை ஊற்றுகிறவர் ஹோண்டுராஸ் நாட்டுக்காரர். எட்டு வருஷமாக அந்தக் கல்லின் முன் நிற்கிறார். ஓரம் சிவந்து நடுவில் மெத்தென்று வரும் அவருடைய தோசை என் அம்மாவுக்குக்கூட வராது. 'நெய் ரோஸ்ட்', 'சட்னி', 'போதுமா' என்று பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள் தெரியும். அக்காவுக்கு ஸ்பானிஷ் நன்றாக வரும், தேடி வரும் குடும்பங்களோடு பேசிப் பேசிக் கற்றுக்கொண்டது. இரண்டாவது வாரமே தோசைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த படம் அவர் மகளுடையது. யெசேனியா, இருபது வயது. அப்பாவிடம் வந்து சேர்வதற்காகப் புறப்பட்டவள். எல்லையைத் தாண்டிவிட்டேன், இனி நடக்க வேண்டும் என்று ஃபோனில் சொன்னாள். அதோடு சரி. ஊரில் அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். மகள் உயிரோடு இல்லை என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மண்ணில் வைக்க எலும்பாவது வேண்டும், நான் போவதற்கு முன் அவள் வந்து சேர வேண்டும் என்று ஃபோனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். தோசைக்காரரிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான பேப்பர் கிடையாது. டி.என்.ஏ. கொடுக்க வாயைத் திறந்தால் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயந்தார்.

"நான் பார்க்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன். கிடைக்கும் எண்டு சொல்லேல்ல" என்றார் அக்கா காரில் வரும்போது.

அதன்பின் மாதா மாதம் அவர் என் பின்னால் வந்து நிற்பார். "பிள்ளை, ஒருக்காத் தேடும். பெண், பதினெட்டிலயிருந்து இருபத்தைஞ்சு." நான் தேடுவேன். பெண் என்று ஏற்றியவை வரும், நிச்சயமில்லை என்று ஏற்றியவை வரும். ஒவ்வொரு பெட்டியையும் எடுத்துப் பார்ப்பார். உயரம் பொருந்தாது, இல்லையென்றால் பல் பொருந்தாது. யெசேனியாவின் முன்பற்களில் ஒன்று சற்று மேலேறி இருக்கும், படத்தில் தெரியும். சனிக்கிழமை தோசைக்காரர் எங்கள் முகத்தைப் பார்ப்பார். அக்கா தலையை ஆட்டுவார். அவர் "போதுமா?" என்று கேட்டுச் சட்னியை வைத்துவிட்டுப் போவார். இரண்டு வருஷத்துக்கும் மேல் இப்படியே போயிற்று.

நான் செய்ததை இங்கே சொல்லியாக வேண்டும்.

தோசைக்காரரை நாங்கள் அறிவதற்குச் சில மாதங்கள் முன்னால் ஒரு பெட்டி வந்திருந்தது. கீழ்த்தாடை இல்லாத ஒரு மண்டையோடு, ஒரு தொடையெலும்பு, ஆண்கள் சட்டை ஒன்று. அக்கா தாளில் 'பெரும்பாலும் ஆண். இடுப்பு இல்லை' என்று எழுதியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பையனை விடும் டேகேரிலிருந்து ஃபோன், அவனுக்கு ஜுரம், உடனே வந்து கூட்டிப் போங்கள் என்று. ஃப்ரீவேயில் எத்தனை நெரிசல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கையில் இன்னும் ஏழு தாள்கள். 'நிச்சயமில்லை' என்று அழுத்தினால் இன்னும் மூன்று பக்கம் திறக்கும், ஏன் நிச்சயமில்லை என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். 'ஆண்' என்று அழுத்தினால் வேலை முடிந்தது. பெரும்பாலும் ஆண் தானே, சட்டையும் ஆண் சட்டை தானே, திங்கட்கிழமை வந்து மாற்றிவிடலாம் என்று அழுத்திவிட்டேன். பையனுக்கு நான்கு நாள் ஜுரம். திரும்பி வந்தபோது எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அச்செடுத்த தாள்களில் அக்காதான் கையெழுத்துப் போட வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியாக வாசிப்பார். அந்தச் சமயத்தில் வாசிப்பதை நிறுத்தியிருந்தார். "உம்மட வேலையை நான் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை" என்று சொன்னபோது நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒரு துண்டு எலும்பு டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போகும். வரிசை நீளம், முடிவு வர வருஷக்கணக்கில் ஆகும். அந்தப் பெட்டியின் முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பெண்.

அக்கா அந்தத் தாளோடு அலமாரிக்குப் போனார். பெட்டியை எடுத்து, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, மண்டையோட்டை வைத்தார். மேல்வரிசையில் சற்று மேலேறி இருந்த முன்பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர் உட்காரவில்லை, வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கோப்பிலிருந்து தன் கையெழுத்துத் தாளை எடுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டரில் பார்த்தார். யார் ஏற்றியது என்பது திரையின் மூலையில் இருக்கும்.

"பிள்ளை, நீர் இண்டைக்கு வெள்ளெனவே வீட்டை போம்" என்றார்.

மறுநாள் அந்தப் பதிவை நானே கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் பெயரின் முதலெழுத்துகள் அங்கே இருந்தன. கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அழும்போதே, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோமே, இந்த வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்றும் கணக்குப் போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தோசைக்காரர் இந்த முறை டி.என்.ஏ.வுக்காக வாயைத் திறந்து, பஞ்சில் எச்சில் எடுக்க விட்டார். பொருந்தியது. ஆனால் அவர் மனைவி அதற்கு ஏழு மாதம் முன்பே இறந்துபோயிருந்தாள். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்பதால் அவர் அந்த அடக்கத்தையும் ஃபோனில்தான் பார்த்தார். அடுப்பை அணைக்கக்கூட இல்லை என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

அவரிடம் சொல்ல அக்கா கிளம்பியபோது நானும் போனேன். கடையின் பின்புறம், வெங்காய மூட்டைகளின் பக்கத்தில் பகல் வெயிலில் நின்று அக்கா ஸ்பானிஷில் பேசினார். அவர் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ கேட்டார். அக்கா ஒரு மாதத்தையும் வருஷத்தையும் சொன்னார், பெட்டி எங்களிடம் வந்த மாதம். அவர் அங்கிருந்து மனைவி இறந்த மாதம் வரை விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அக்கா நெஞ்சில் கை வைத்து, "குல்பா மியா" என்றார். என் தப்பு என்று அர்த்தம், அது எனக்கும் தெரிந்திருந்தது.

நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

காரில் வரும்போது சொன்னேன். "அக்கா, அது நான் ஏத்துனதுங்க."

"ஓம், தெரியும்."

"அவர்கிட்ட நான் சொல்லிடறேன்."

"அடியில ஆற்ர கையெழுத்து இருக்கு?"

"உங்களுதுங்க."

"பிறகென்ன? வாசிக்காமல் போட்டது நான். அந்த மனுசனுக்குக் கோவிக்க ஒரு ஆள் காணும்." சிக்னல் பச்சையானதும், "உமக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. பேசாமல் இரும்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'தோசைக்குப் போறன், வாறீரோ?' பையனுக்கு நீச்சல் வகுப்பு என்று பதில் போட்டேன். அப்படி ஒரு வகுப்பே கிடையாது. அதற்கடுத்த வாரமும் கேட்டார், அதே பதிலைப் போட்டேன். ஒவ்வொரு வாரமும் கேட்டார். திங்கட்கிழமைகளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். எலும்பைப் பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். அச்செடுத்த தாள்களை மறுபடி வரி வரியாக வாசிக்கத் தொடங்கியிருந்தார். என் மேல் சந்தேகம் என்று நான் நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று, வாசிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு வருஷம் கழித்து வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போன வருஷம் மாரடைப்பில் இறந்தார். செய்தி எனக்கே மூன்று வாரம் கழித்து ஒரு ஈமெயிலில்தான் வந்தது.

அந்த வாரம் நான் ஹில்க்ராஃப்ட் போனேன். தோசைக்காரர் அதே கல்லின் முன் நின்றிருந்தார், தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கும் இப்போது ஸ்பானிஷ் ஓரளவு வரும். டாக்டர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும். என்னால் முடியவில்லை" என்றார்.

அதைக் கேட்ட பிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் அக்கா எழுதியிருந்தது என்ன, நான் அழுத்தியது என்ன, பையனின் ஜுரம், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நான் வாய் திறக்காமல் நின்றது, எல்லாம். என் ஸ்பானிஷ் தட்டுத் தடுமாறியது. தப்பாகப் புரிந்துகொண்டுவிடுவாரோ என்று பயந்து ஆங்கிலத்திலும் ஒரு முறை சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் மேஜையில் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இங்கே வந்தார், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். ஊரை விட்டுப் போகும் வரைக்கும். இந்த மேஜையில்தான் உட்காருவார். அவருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முதலாளியும் சரி என்றுவிட்டார். தண்ணீர் மட்டும் கொடுத்தோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சமையலறைக் கதவைப் பார்ப்பார், நான் வெளியே வருகிறேனா என்று. நான் வரமாட்டேன். நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போவார்."

உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், கல்லுக்கு ஆள் வேண்டும் என்று. அவர் மேஜையில் கையூன்றி எழுந்தார்.

"இதை நீங்கள் அப்போதே வந்து சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு தோசை ஊற்றிக் கொடுத்திருப்பேன்" என்றார்.